எந்த வீட்டின் வைத்தியர்?

(திருகோணமலையில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதிய வைத்தியர்களைக் குடும்ப வைத்தியர்களாக எப்படிப் பயிற்றுவிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வைத்தியர்கள் மட்டும் கூடிய சபையாக இருந்தால் பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். இங்கே கிளினிக் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு வீட்டைக் காட்டி, "இந்த வீட்டுக்குப் பொறுப்பான வைத்தியர் யார்?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

கேள்வியின் ஒரு பாதிக்கு மிக நல்ல பதில் இருக்கிறது. கர்ப்பிணித் தாய் ஒருவர் மூதூரில் இருந்தாலும், கந்தளாயில் இருந்தாலும், புல்மோட்டையில் இருந்தாலும், அவருக்கென்று ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். தாயின் பெயர் அவருக்குத் தெரியும், வீடு தெரியும். இது எத்தனையாவது பிள்ளை, முந்தின பிரசவம் எப்படி நடந்தது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். தாய் கிளினிக்குக்கு வராவிட்டால் அவர் வீட்டுக்கே தேடிப் போவார்.

அதே வீட்டுக்குள் இன்னொருவரைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் தகப்பன், வயது ஐம்பத்தைந்து. கொட்பேயிலிருந்து கடலுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். சலரோகமும் பிறஷரும் இருக்கிறது. கிளினிக் நாள் வரும்போது அவர் ஆழ்கடலில் நிற்கிறார். மருந்து முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. காலில் ஒரு புண் வந்து, கறுத்து, காய்ச்சலும் வந்த பிறகுதான் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். விரலை எடுக்கிறார்கள், காப்பாற்றுகிறார்கள், டயக்னோசிஸ் காட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் காட் அலுமாரிக்குள் போகிறது. அவர் கிளினிக்குக்கு வராமல் விட்ட அந்த இரண்டு மாதமும் அவரைத் தேடிப் போகும் பொறுப்பு யாருக்கு இருந்தது? ஒருவருக்கும் இருக்கவில்லை. மகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், தகப்பனுக்கு இல்லை.

ஒரே கூரையின் கீழ் இப்படி ஒரு வேறுபாடு எப்படி வந்தது? நமது சுகாதார சேவைக்கு இரண்டு கைகள். ஒன்று தடுக்கும் கை, மற்றது குணமாக்கும் கை. தடுக்கும் கை 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்கு எல்லை வகுத்த ஒரு பிரதேசம், அதற்குள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள் (இன்றைய குடும்பநல உத்தியோகத்தர்கள்) என்பதே அதன் அமைப்பு. ஒரு மருத்துவிச்சிக்கு ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட பகுதி ஒப்படைக்கப்பட்டது. 1930களில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. இலவசக் கல்வியும், வைத்தியசாலைகளும், புதிய மருந்துகளும், மலேரியா ஒழிப்பும் சேர்ந்துதான் இதைச் சாதித்தன. ஆனால் எல்லை வகுத்து, வீடு எண்ணி, பெயர் எழுதி வைத்த அந்த முறை இல்லாமல் இவை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்திருக்க மாட்டா. 1934, 35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவும் அப்படித்தான் விரட்டப்பட்டது. காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், யுத்த காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

குணமாக்கும் கைக்கு இப்படியொரு எல்லை வகுக்கப்படவில்லை. யாரும் எந்த வைத்தியசாலைக்கும் போகலாம். இது நமது மக்களுக்குக் கிடைத்த பெரிய சுதந்திரம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருகிறவரைப் பார்ப்பதற்கு மட்டுமே இந்தக் கை பழகியிருக்கிறது. காய்ச்சலும் வயிற்றோட்டமும் பிரசவ ஆபத்தும் பெரிய எதிரிகளாக இருந்த காலத்தில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்று இந்த நாட்டின் இறப்புகளில் ஐந்தில் நான்குக்கு இருதய நோய், பாரிசவாதம், சலரோகம், புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் போன்ற தொற்றா நோய்களே காரணம். இவை ஒருநாள் வைத்தியத்தில் தீர்கிறவை அல்ல. இருபது, முப்பது ஆண்டுகள் மனிதரோடு கூடவே இருக்கும் நோய்கள். அத்தனை ஆண்டுகளும் அவரோடு கூடவே வரக்கூடிய வைத்தியர் ஒருவர் வேண்டும். குடும்ப வைத்தியர் என்று நான் சொல்வது அவரைத்தான்.

அப்படிப்பட்டவரை நாம் எங்கே வைத்துப் பயிற்றுகிறோம்? ஐந்து ஆண்டுகள் மருத்துவ பீடத்தில் படிக்கிறார்கள். பிறகு ஓர் ஆண்டு உள்ளகப் பயிற்சி, பெரிய வைத்தியசாலை வாட்டுகளில். அந்த ஆண்டு மிக அவசியமானது. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வருகிறவரை எப்படி நிமிர்த்துவது என்பதை வாட்டுதான் கற்றுத்தரும். ஆனால் வாட்டில் நோயாளி உடுப்பு மாற்றி, கட்டில் இலக்கத்தோடு கிடக்கிறார். அவர் எதைச் சமைக்கிறார், யாருக்காக உழைக்கிறார், மருந்தை எங்கே வைக்கிறார் என்பது வாட்டில் தெரியாது. இன்சுலினைக் குளிராக வைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் பலநாள் படகில் போகிறவர், படகில் மீனுக்கு ஐஸ் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் மருந்து உறையாமல் வைக்க ஒரு வழி சொல்லிக்கொடுக்கலாம் என்பது துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்த வைத்தியருக்கே தோன்றும்.

உலகில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அங்கே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் தன் பொறுப்பில் இருந்த எல்லோரின் இரத்த அழுத்தத்தையும் அளக்கத் தொடங்கினார். வந்தவர்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வராதவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களைத் தேடிப் போய் அளந்தார். கால் நூற்றாண்டு அதே கிராமத்தில் அதே வேலையைச் செய்த பிறகு கணக்குப் பார்த்தபோது, பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டால் அறுபத்தைந்து வயதுக்கு முந்திய இறப்புகள் அவருடைய கிராமத்தில் கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. அவர் பயன்படுத்தியவை பிறஷர் பார்க்கும் கருவியும், ஒரு பட்டியலும், போகாமல் தங்கி நின்ற பிடிவாதமும்தான். வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்ற கசப்பான விதியை 1971இல் எழுதியவரும் அவரே.

அவருக்கும் முன்பு, 1940இல், தென்னாபிரிக்காவின் பொலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற வைத்தியத் தம்பதியர் சிறு எண்ணிக்கையான வீடுகளை எடுத்து, வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன குறை என்று எழுதி, அதற்கேற்ப வைத்தியம் செய்தார்கள். கியூபா 1984இல் வைத்தியரையும் தாதியையும் குடியிருப்புக்குள்ளேயே வைத்துச் சேவை செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கா 1969இல் குடும்ப வைத்தியத்தைத் தனி விசேட துறையாக ஏற்று, அதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி வகுத்தது. அங்கே பயிற்சி வைத்தியருக்கு முதல் ஆண்டிலேயே தனக்கென்று சில நோயாளிகள் ஒப்படைக்கப்படுகிறார்கள், பயிற்சி முடியும்வரை அவர்களை அவரே பார்க்கிறார். நாடும் ஆட்சிமுறையும் எவ்வளவு வேறுபட்டாலும் மூலக்கருத்து ஒன்றே: குறித்த மனிதர்களைக் குறித்த வைத்தியரிடம் ஒப்படை, அவரைக் கொஞ்சக் காலம் தங்க வை.

நமக்கும் இது புதிதல்ல. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை மையமாக வைத்து மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரை விட்டு வேறு உத்தியோகங்களுக்குப் போவதைக் கண்டார். படித்தவர்கள் தங்கள் மக்களிடையே நின்று வைத்தியம் செய்ய வேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். அதற்கு முன்பே மானிப்பாயில் இந்தச் சிந்தனை செயலாகிவிட்டது.

கிறீனுக்கு முன்னோடியாக யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் பணி செய்தவர் ஜோன் ஸ்கடர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய பணிதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமத்தில் சில வாரங்கள் தங்கி, வீடு வீடாகப் போய் விபரம் திரட்டுகிறார்கள். 1977இல் கே.வி.குப்பத்தில் ஒரு முழு ஒன்றியத்தையே அந்தக் கல்லூரி தன் பொறுப்பில் எடுத்து, உடல்நலத்தோடு மக்களின் வாழ்வாதாரத்தையும் சேர்த்துக் கவனிக்கத் தொடங்கியது.

நம் நாட்டிலும் வித்துகள் இருக்கின்றன. பொது வைத்தியர்களின் கல்லூரி 1974இல் உருவானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப வைத்தியத்தில் டிப்ளோமாவும் எம்.டி.யும் வழங்குகிறது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத்தையும் குடும்ப மருத்துவத்தையும் ஒரே துறையாகவே வைத்திருக்கிறார்கள். நமது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது. நான் கேட்பது இந்த வித்துகளில் ஒன்றைத் திருகோணமலை மண்ணில் ஊன்ற வேண்டும் என்பதே.

ஏன் திருகோணமலை? இங்கே கற்றவர் இலங்கையின் எந்த மூலையிலும் வைத்தியம் செய்வார் என்பதால்தான். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 பேர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகங்களும் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள், எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. கடலும், வயலும், காடும், துறைமுகமும், ஆலைகளும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இங்கே மறந்தவர் யாருமில்லை. வைத்தியசாலை நிரம்பி வழிந்தது, பாடசாலைகள் மூடப்பட்டன, உயிர்கள் போயின. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள். வாட்டில் நின்ற வைத்தியர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது இரத்தப் பரிசோதனை றிப்போட். நுளம்பு பெருகிய இடமோ வீட்டு வளவு. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்று நாம் படித்தோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் ரஞ்சன் ராமசாமி, நோபிள் சுரேந்திரன் ஆகியோர் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, பாவிக்காத கிணறுகளிலும் கைவிட்ட மீன்பிடிப் படகுகளிலும் தேங்கிய உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. கரையோர ஊரில் வேலை செய்யும் வைத்தியர், காய்ச்சலோடு வந்த பிள்ளையின் வீட்டுக் கிணற்றையும் கரையில் கிடக்கும் பழைய வள்ளத்தையும் பற்றிக் கேட்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் பயிற்சி. கேட்ட பிறகு பரிசோதகருக்கு அன்றே தகவல் சொல்லப் பழக்குவதும் பயிற்சிதான்.

சம்பூரைப் பாருங்கள். 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த அந்த ஊர் மக்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டு, 2015க்குப் பிறகுதான் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். அந்தத் தலைமுறையில் ஒரு தாய் "நித்திரை வருகுதில்லை, உடம்பெல்லாம் உளைவு" என்று சொல்லும்போது, எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்புகிறவர் பாதி வைத்தியம்தான் செய்கிறார். அந்தத் தாய் யாரை இழந்தார், எந்த முகாமில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதை அறிந்தவர் வேறு விதமாகக் கேட்பார், வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பதவிசிறிபுரப் பக்கம் போனால் காரணம் இன்னும் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதம் வருவதற்கு முன்பே சலரோக மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். கந்தசஷ்டி விரதம் இருக்கிறவர்களுக்கும் அதே கவனம் வேண்டும். "நோன்பு பிடிக்கவேண்டாம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால், அவர் வைத்தியரிடம் சொல்லாமல் நோன்பு பிடிப்பார். அது இன்னும் ஆபத்து.

இனி, பயிற்சி எப்படி அமையலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன். உள்ளகப் பயிற்சி முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் நூறு வீடுகள் ஒப்படைக்கப்பட வேண்டும். அவை ஒரே குடும்பநல உத்தியோகத்தரின் பகுதிக்குள் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் பயிற்சி வைத்தியர் அந்த உத்தியோகத்தரோடு நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர்தான் ஆசிரியர், டொக்டர் மாணவர். எந்த வீட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது, எந்த வீட்டில் மாமியார் முன்னால் எதைக் கேட்கக்கூடாது, எந்த வீட்டில் தகப்பனின் குடிதான் பிள்ளையின் நிறை குறையக் காரணம் என்பதை அவர் சொல்லித்தருவார். இந்த அறிவு எந்த வாட்டிலும் கிடைக்காது.

முதல் ஆண்டின் மிகுதியில் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பொது மருத்துவம், சிறுவர், மகப்பேறு, சத்திரசிகிச்சை, உளநலம் ஆகிய பிரிவுகளில் பயில வேண்டும். ஆனால் கிழமைக்கு ஒருநாள் தன் நூறு வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் ஆண்டு முழுவதும் பிரதேச வைத்தியசாலையில். அந்த நூறு வீட்டில் யார் வந்தாலும் அவரே பார்க்க வேண்டும், யாராவது பெரிய வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் அங்கே போய் வாட்டு வைத்தியரோடு பேச வேண்டும், வீடு திரும்பிய கிழமையே போய்ப் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு, குணமாகாத புற்றுநோயோடு வீட்டில் இருப்பவருக்கு, வலி தணிக்கும் வைத்தியத்தை வீட்டிலேயே செய்யப் பழக வேண்டும். மூன்றாம் ஆண்டில் தாதி, பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், மருந்தாளர் என்ற குழுவை நடத்தப் பழக வேண்டும்.

பரீட்சை எப்படி? அரிதான நோய்களைப் பற்றி மற்றப் பரீட்சைகளில் கேட்கட்டும். இங்கே கேட்கவேண்டியவை வேறு. உங்கள் நூறு வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பிறஷர் அளக்கப்படாதவர் யார்? மருந்தைப் பாதியில் விட்டவர் யார், ஏன் விட்டார்? மூன்று ஆண்டுக்கு முன்பு இருந்த நிலைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு? இதற்குப் பெயரோடும் எண்ணோடும் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சான்றிதழ்.

மொழியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்துக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வைத்தியர்கள் வருகிறார்கள். அவர்களை நாம் வரவேற்கிறோம். ஆனால் தாயின் வருத்தத்தைப் பத்து வயது மகன் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் நிலை இருந்தால், அந்தத் தாய் தன் மாதவிடாய்ச் சிக்கலையும் மனவேதனையையும் எப்படிச் சொல்வார்? தமிழ் பேசும் வைத்தியர் பதவிசிறிபுரவுக்குப் போனாலும் இதே நிலைதான். ஆகவே பயிற்சியில் சேரும் ஒவ்வொருவரும் தமிழிலும் சிங்களத்திலும் நோயாளியோடு தனியாகப் பேசக் கற்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், ஆசிரியர் அமர்த்த வேண்டும், பரீட்சையிலும் சோதிக்க வேண்டும்.

"நல்ல யோசனைதான், ஆனால் டொக்டர்மார் நிற்கமாட்டார்களே" என்று சொல்வீர்கள். உண்மைதான். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள். போனவர்களைத் திட்டிப் பயனில்லை. நல்ல விடுதி இல்லாத இடத்தில், கேட்டுத் தெளிய ஒரு மூத்தவர் இல்லாத இடத்தில், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் தனியாக நில் என்று சொன்னால் யார்தான் நிற்பார்? பயிற்சி நிலையம் ஒன்று வந்தால் இந்தத் தனிமை முதலில் உடையும். பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பார், கூடப் படிக்கும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அங்கே செலவிடும் ஆண்டு பட்டத்துக்குக் கணக்கில் சேரும். தான் கற்ற ஊரிலேயே வேலைக்கு நிற்க விரும்புகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

"சின்ன வைத்தியசாலைக்கு ஆட்கள் போகமாட்டார்கள்" என்பது இரண்டாவது மறுப்பு. போன முறை பார்த்த டொக்டர் இந்த முறை இல்லை, எழுதிய மருந்து அங்கே இல்லை என்றால் மக்கள் ஏன் போகவேண்டும்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பெரிய வைத்தியசாலைக்கு வருவது இலகுவாகிவிட்டது. அது நன்மைதான். ஆனால் ஒரு மாத்திரைத் துண்டுக்காக விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழந்து திரும்புகிறவர்களையும் அந்தப் பாலத்தில் காண்கிறோம். அருகிலுள்ள வைத்தியசாலைகளைப் பெரிய வைத்தியசாலையோடு ஒரே கொத்தாக இணைத்து, மக்களை அருகிலுள்ள இடத்தில் பதிவு செய்யும் சீர்திருத்தத்தைச் சுகாதார அமைச்சு ஏற்கெனவே கொள்கையாக ஏற்றிருக்கிறது. அந்தக் கொள்கைக்கு உயிர் கொடுக்கப்போவது பயிற்சி பெற்ற வைத்தியர்தான். ஆள் இல்லாமல் பதிவு மட்டும் செய்தால் இன்னொரு அட்டை கூடும், அவ்வளவுதான்.

நிறைவாக, மூன்று தரப்பினரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

மாகாண, மத்திய சுகாதார நிர்வாகத்தினரே, பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். ஒரு பிரதேச வைத்தியசாலையைத் தெரிந்தெடுங்கள். குடும்ப வைத்தியத்தில் தேர்ந்த ஓர் ஆசிரியரை அங்கே நிலையாக நியமியுங்கள். இரண்டு பயிற்சி வைத்தியர்களோடு தொடங்குங்கள். மூன்று ஆண்டுகள் அவர்களை இடம் மாற்றாதீர்கள்.

இளம் வைத்தியர்களே, விசேட நிபுணராக முடியாதவர்தான் குடும்ப வைத்தியராகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே மனிதரின் பிறப்பையும் திருமணத்தையும் முதுமையையும் அறிந்து வைத்தியம் செய்வது தனி ஆற்றல். நூறு வீட்டுக்கு மூன்று ஆண்டு பொறுப்பேற்றுப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் முன்பைவிட நல்ல வைத்தியராகவே போவீர்கள்.

பொதுமக்களே, உங்கள் பங்கும் உண்டு. கதவைத் தட்டும் இளம் டொக்டருக்கு ஒரு கதிரை போடுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் புதிதாக இருக்கும், மறைக்காமல் பதில் சொல்லுங்கள். அவர் பிழை விட்டால் அவரிடமே சொல்லுங்கள். பாராளுமன்ற உறுப்பினரும் பிரதேச சபை உறுப்பினரும் வாக்குக் கேட்டு வரும்போது, ஸ்கான் இயந்திரத்தை மட்டும் கேட்காதீர்கள். "எங்கள் வீட்டுக்கு ஒரு வைத்தியரைப் பொறுப்பாக்குங்கள்" என்று கேளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கர்ப்பிணித் தாய்க்கு இந்த நாடு கொடுத்த அந்த உரிமையை, வீட்டிலுள்ள மற்ற எல்லோருக்கும் கேட்டுப் பெறும் காலம் இது.